துருவைத் துடைத்த கை

சென்னை
6 அக்டோபர் 2025

அப்பாவுக்கு,

கார்த்திகா எழுதுகிறேன். போன் செய்தால் அம்மாதான் எடுக்கிறாள். உங்களைக் கேட்டால் "குளிக்கிறாரு" என்கிறாள். ஒரு மனிதர் ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் குளிப்பார்? தபாலைக் கையில் கொடுத்தால் வாங்கித்தானே ஆக வேண்டும். அதனால் எழுதுகிறேன்.

என் வேலையை நாசம் செய்துவிட்டார்கள். நம் ஹேடோ மியூசியத்தில் கண்காட்சிப் பொறுப்பில் இருக்கும் ரூபா மேடம் நேற்று போட்டோ அனுப்பினார். ஆயுத பூஜையன்று யாரோ என் படைப்பை வைத்திருக்கும் அறைக்குள் புகுந்து உங்கள் கருவிகள் அத்தனையையும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, எண்ணெய் தடவி, வரிசையாகச் சந்தனமும் குங்குமமும் வைத்திருக்கிறார்கள். ஸ்பானர், சுத்தியல், அரம், கிடுக்கி எல்லாம் கல்யாண வீட்டுப் பாத்திரம் மாதிரி பளபளக்கின்றன. அப்பா, அந்தத் துருதான் என் படைப்பு. அதற்கு "உப்பு" என்று பெயர் வைத்ததே அதனால்தான். துரு போனால் அங்கே இருப்பது வெறும் இரும்புச் சாமான். கடைத்தெருவில் கிடைக்காதா அது?

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஜனவரியில் கல்கத்தாவில் நடக்கும் பெரிய கண்காட்சிக்கு ஆள் தேர்ந்தெடுக்க நவம்பர் கடைசியில் போர்ட் பிளேருக்கு வருகிறார்கள். தீவிலிருந்து இதுவரை யாரும் அங்கே போனதில்லை. எனக்கு இருந்த ஒரே வாய்ப்பு அது.

நேற்றே மியூசியத்துக்குப் புகார் எழுதினேன். அந்த அறையைப் பார்த்துக்கொண்ட ஊழியர் இனிமேல் அங்கே இருக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். நீங்கள் ஒரு நடை போய், துரு கொஞ்சமாவது மிச்சமிருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள். தயவுசெய்து எதையும் தொடாதீர்கள்.

இன்னொன்று. திறப்பு விழாவன்று நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. சமோசாவைச் சாப்பிட்டீர்கள், கை துடைத்தீர்கள், கிளம்பிவிட்டீர்கள். மேடையில் உங்கள் பெயரைச் சொல்லி நன்றி கூறியபோது திரும்பிப் பார்த்தால் நாற்காலி காலி. அது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தீர்களா?

கார்த்திகா


புரோத்ராபூர்
14.10.2025

கார்த்திகாத் தாயிக்கு,

உன் கடிதம் வந்தது. ஊர்ப் பெயரை மாற்றி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியும் நீ போர்ட் பிளேர் என்றே எழுதியிருக்கிறாய். தபால்காரரும் போர்ட் பிளேர்க்காரர்தான் போலிருக்கிறது, சரியாகக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்.

இங்கே விடாத மழை. மெயின்லேண்டிலிருந்து கப்பல் வராததால் வெங்காயம் விற்கிற விலைக்கு உன் அம்மா சாம்பாரில் அதைத் தேட வைக்கிறாள். பின்பக்கத் தென்னை சாய்ந்துவிட்டது, நல்லவேளை கூரைமேல் விழவில்லை.

நீ சொன்னபடி மியூசியத்துக்குப் போனேன். சாமான்கள் பத்திரமாக இருக்கின்றன. ஒன்றும் காணாமல் போகவில்லை. துரு இல்லை. நல்ல இரும்பு, அதனால் பெரிய பாதகமில்லை என்று நினைக்கிறேன்.

அறையில் வேறு ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். முன்பு இருந்த பெண்ணை வேலையை விட்டே நிறுத்திவிட்டார்களாம். உமா மகேஸ்வரி என்று பெயர். உனக்குத் தெரிந்திருக்காது. திறப்பு விழாவில் வாசலில் நின்று எல்லோருக்கும் ரோஜாப்பூ கொடுத்தாளே, அந்தப் பெண். அவள்தான் துடைத்தாள் என்று யார் பார்த்தார்கள்? வேறு யாராவது செய்திருக்கலாம் அல்லவா? பூஜை நாளில் எத்தனையோ பேர் வந்து போயிருப்பார்கள். சும்மாதான் கேட்கிறேன்.

திறப்பு விழாவில் ஏன் பாதியில் போனேன் என்று கேட்டிருக்கிறாய். ஒர்க்‌ஷாப்பில் என்னோடு வேலை பார்த்த பன்னீர்செல்வத்தையும் பிஸ்வாஸ் தாதாவையும் நான்தான் கூட்டிவந்தேன். மகள் மியூசியத்தில் என் சாமான்களை வைக்கிறாள் என்று ஊரெல்லாம் சொல்லியிருந்தேன். சாமான்களை வைத்திருந்த அந்த வெள்ளை மேடையைப் பார்த்ததும் பன்னீர், "ஏப்பா ராக்கப்பா, ஒன் ஸ்பானரை எடுத்துட்டுத் தொடைக்காம வச்சதுக்கு எங்கிட்ட ஆறு மாசம் பேசாம இருந்தவனாச்சே நீயி. இன்னைக்கு என்ன இப்புடிக் கெடக்கு?" என்றான். பிஸ்வாஸ் தாதா, "அரே, ரிட்டயர் ஹோனே கே பாத் தேல் பீ நஹி மிலா க்யா?" என்று சிரித்தார். ரிட்டயரானதும் எண்ணெய்க்குக்கூட வழியில்லாமல் போய்விட்டதா என்கிறார். பக்கத்தில் என் பெயர் எழுதிய அட்டை. நான் சிரித்து வைத்தேன். சமோசாவைத் தின்று கை துடைத்துவிட்டுக் கிளம்பினேன்.

கப்பல் அடியில் துரு சுரண்டியே பென்ஷன் வாங்கியவன் நான். மார்ச்சில் சாமான்களை எண்ணெய்த் துணியில் சுற்றித்தான் உன்னிடம் கொடுத்தேன். திறப்பு விழாவில் கேட்டபோது கடல் காற்று என்றாய். கடல் காற்று எனக்கும் தெரியும், தாயி. அது இவ்வளவு சீக்கிரம் இவ்வளவு ஆழமாகத் தின்னாது.

அப்பா


சென்னை
22 அக்டோபர் 2025

அப்பாவுக்கு,

கடல் காற்று இல்லை. நான்தான்.

சென்னைக்கு வந்ததும் பெசன்ட் நகர் கடலிலிருந்து கேன் கேனாகத் தண்ணீர் கொண்டுவந்து, பிளாஸ்டிக் தொட்டியில் ஊற்றி, அதில் உங்கள் கருவிகளைப் போட்டேன். அவ்வப்போது எடுத்து மொட்டை மாடியில் வெயிலில் காயவைத்து மறுபடியும் போட்டேன். உங்கள் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை, பொய் சொன்னேன். அது தப்புதான்.

ஆனால் துரு தப்பில்லை அப்பா. நீங்கள் மூட்டுவலியோடு ஏணி ஏறி இறங்கியதையும், முதுகில் தைலம் தேய்த்துக்கொண்டு குப்புறப் படுத்திருந்ததையும் நான் பார்த்து வளர்ந்தேன். உப்புத் தண்ணீர் உங்களைத் தின்றது. ஊரில் யார் பார்த்தார்கள்? ரிட்டயரான அன்று ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். உங்கள் உடம்பை மேடையில் வைக்க முடியாது, இரும்பில் காட்டினால் நின்று பார்ப்பார்கள் என்று நினைத்தேன். பார்த்தார்களே! ரூபா மேடம் கண் கலங்கினார். நீங்களும் உங்கள் நண்பர்களும் மட்டும்தான் எண்ணெய் எங்கே என்று தேடியிருக்கிறீர்கள்.

அந்தப் பெண் விஷயத்தில் என்னைக் குற்றவாளி ஆக்காதீர்கள். நான் வேலையை விட்டு நிறுத்தச் சொல்லவில்லை, அறையை விட்டு மாற்றச் சொன்னேன். நிறுத்தியது அவளுடைய ஒப்பந்தக்காரர். மியூசியத்தில் விசாரித்தபோது அவள் மறுக்கவில்லையாம். வாயையே திறக்கவில்லையாம். செய்யாதவள் சும்மா நிற்பாளா? ஆயுத பூஜை என்றால் கண்ணில் படுவதற்கெல்லாம் பொட்டு வைப்பது நம் ஆட்களின் பழக்கம்தானே. பாவம்தான். இருந்தாலும் ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவள் மருந்தைக் கீழே கொட்டினால் பாவம் என்று விட்டுவிடுவார்களா?

நீங்கள் ஏன் அவளுக்காக இவ்வளவு பேசுகிறீர்கள் என்று எனக்குப் புரியவில்லை.

கார்த்திகா


புரோத்ராபூர்
1.11.2025

தாயி,

அவள் செய்யவில்லை. நான் செய்தேன்.

இந்த ஒரு வரியை எழுதிவிட்டு, பேனாவை மூடி வைத்து, மாடு இல்லாத வீட்டில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகிறவன் மாதிரி வாளியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்தைச் சுற்றி வந்தேன். இப்போது மீதியை எழுதுகிறேன். அம்மாவுக்கு இது தெரியாது.

ஆயுத பூஜையன்று ஒர்க்‌ஷாப்பில் ரிட்டயரானவர்களையும் கூப்பிடுவார்கள். வருடா வருடம் என் சாமான்களைக் கொண்டுபோய் வைத்துக் கும்பிட்டு எடுத்துவருவேன். இந்த வருடம் வெறுங்கையோடு போனேன். எல்லோருடைய சாமான்களும் குளித்துப் பொட்டு வைத்து உட்கார்ந்திருக்கின்றன. பன்னீர் சும்மா இருப்பானா? "ஒன்னோடது மியூசியத்துல அழுகிக்கிட்டுல்ல கெடக்கு" என்றான். சுண்டலை வாங்கினேன், சாப்பிடவில்லை. கடையில் மண்ணெண்ணெய், உப்புத்தாள், தேங்காயெண்ணெய், சந்தன வில்லை எல்லாம் வாங்கி மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு மியூசியத்துக்கு நடந்தேன். கோபத்தில் போனேன் என்று சொல்ல ஆசைதான். கோபமில்லை. அசிங்கம். என் பெயரைப் போட்டு என் சோம்பலை ஊருக்குக் காட்டுவது போல இருந்தது.

ஆபீஸ்காரர்கள் எல்லாம் பின்பக்கம் ஜெனரேட்டர் ரூமில் பூஜையில் இருந்தார்கள். கூட்டம் இல்லை. கேமராவுக்கு இன்னும் வயர்கூட இழுக்கவில்லை. உமா மட்டும் உட்கார்ந்திருந்தாள். நான் ஸ்பானரை எடுத்ததும் ஓடிவந்தாள். "ஐயா, கை வைக்காதீங்க ஐயா, மேடம் ஏசுவாங்க" என்றாள். இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம், கச்சால் தீவில் ரப்பர் பால் எடுத்தவர்கள், சுனாமிக்குப் பிறகு இங்கே வந்தவர்கள். பேச்சிலேயே தெரிந்துவிட்டது. நான் அட்டையைக் காட்டினேன். "இந்த ராக்கப்பன் நாந்தாம்மா. இது என் சாமான். இன்னைக்கு ஒருநா மட்டும் தொடச்சு வச்சுட்டுப் போயிர்றேன்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை, பிச்சை கேட்பவன் குரல்.

அவள் அட்டையைப் படித்துப் பார்த்தாள். பிறகு அவளுடைய நாற்காலியை இழுத்து எனக்குப் போட்டாள். தரையில் எண்ணெய் படாமல் பழைய செய்தித்தாள் விரித்தாள். யாராவது வருகிறார்களா என்று வாசலில் போய் நின்றுகொண்டாள். எல்லாம் முடிந்து பொட்டு வைத்தபோது அவளும் கையெடுத்துக் கும்பிட்டாள். கிளம்பும்போது நான், "என் மக கிட்ட மட்டும் சொல்லிராதம்மா" என்றேன். "சொல்ல மாட்டேன் ஐயா" என்றாள்.

சொல்லவில்லை, தாயி. வேலை போகிறபோதும் சொல்லவில்லை.

உன் முதல் கடிதம் வந்தபின் மியூசியத்துக்குப் போனேன் என்று எழுதினேன் அல்லவா? அவளை நிறுத்திய விஷயம் அன்றுதான் தெரிந்தது. ஆபீஸ் கதவு வரை போனேன். உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது. திரும்பி வந்து எதிர்க்கடையில் டீ குடித்தேன். இன்னொரு டீ குடித்தேன். பிறகு பஸ் ஏறி வீட்டுக்கு வந்து உனக்கு வெங்காய விலை எழுதினேன். எத்தனையோ மேலதிகாரிகளிடம் மல்லுக்கு நின்றவன் என்று உன்னிடம் பெருமையடித்திருக்கிறேன். ஒரு கதவைத் தட்ட முடியவில்லை. உன் கோபத்துக்குப் பயந்தேன். ஊர் சிரிக்குமே என்று அதைவிட அதிகமாகப் பயந்தேன்.

அடுத்த வாரம் போய்ச் சொல்லப்போகிறேன். உனக்கு முதலில் தெரியட்டும் என்று எழுதினேன்.

அப்பா


சென்னை
7 நவம்பர் 2025

அப்பா,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. இரண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

உங்கள் மேல் கோபம் இல்லை என்றால் பொய். ஆனால் கோபத்தைவிட வேறு ஏதோ அதிகமாக இருக்கிறது. நீங்கள் பை தூக்கிக்கொண்டு நடந்ததை நினைத்தால் தலையைக் குனிந்துகொள்ளத் தோன்றுகிறது.

ஆனாலும் ஒன்று கேட்கிறேன். மியூசியத்துக்குப் போகாதீர்கள். இப்போது வேண்டாம். கல்கத்தாக்காரர்கள் வந்து போகட்டும். சொந்த அப்பாவே மகளுடைய படைப்பைப் புரிந்துகொள்ளாமல் கழுவி வைத்தார் என்று தெரிந்தால் சிரிப்பார்கள். என்னையும் உங்களையும் சேர்த்துத்தான் சிரிப்பார்கள். அந்தப் பெண்ணுக்கு நான் ரூபா மேடத்திடம் பக்குவமாகப் பேசி, ஜனவரிக்குப் பிறகு எங்காவது ஏற்பாடு செய்கிறேன். நடந்ததை மாற்ற முடியாது, இன்னும் கொஞ்ச நாள் பொறுப்பதால் அவளுக்குப் பெரிதாக என்ன வந்துவிடப் போகிறது?

இதை எழுதும்போதே எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் அனுப்புகிறேன்.

கார்த்திகா


புரோத்ராபூர்
18.11.2025

தாயி,

உன் கடிதம் கைக்கு வருவதற்கு முன்பே மியூசியத்துக்குப் போய்விட்டேன் என்று எழுதலாம், நீயும் நம்புவாய். ஆனால் அது நிஜமில்லை. உன் கடிதம் வந்ததும் எனக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. மகளே சொல்லிவிட்டாள், நமக்கென்ன என்று இரண்டு நாள் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் அந்த நிம்மதியே என்னைப் பிடுங்கித் தின்ன ஆரம்பித்தது. எழுந்து போனேன்.

போலீசைக் கூப்பிடுவார்கள், அபராதம் போடுவார்கள் என்றெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன். உன் ரூபா மேடம் எதிரில் நின்று, "அதைத் தொடச்சது நாந்தாங்க. அந்தப் பொண்ணு மேல தப்பில்ல" என்றேன். அந்த அம்மாள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "நீங்களா! அப்பாவா!" என்றார். கண்ணெல்லாம் மின்னுகிறது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. "மகள் துருவேற்றியிருக்கிறாள், அப்பா துடைத்திருக்கிறார். இதுதான் சார் நிஜமான படைப்பு!" என்கிறார். டீ வந்தது, பிஸ்கட் வந்தது, டைரக்டர் சாப் வந்து கை குலுக்கினார். துடைத்த கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் வரச் சொன்னார்கள். வீடியோ எடுக்க வேண்டுமாம். அன்று செய்ததை அப்படியே இன்னொரு முறை செய்து காட்ட வேண்டுமாம். போனேன். அதோடு விட்டேனா? முகம் மழித்து, தீபாவளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். துரு இல்லாத ஸ்பானரைத் துரு இருப்பது போலத் தேய்த்துக் காட்டினேன். "கொஞ்சம் மெதுவா, அங்கிள்" என்றார்கள், மெதுவாகத் தேய்த்தேன். சந்தனத்தை அழித்துவிட்டு மறுபடி வைக்கச் சொன்னார்கள், வைத்தேன். கடைசியில் பொன்னாடை போர்த்திக் கைதட்டினார்கள். மறுநாள் பேப்பரில் படம் வந்தது. பன்னீர் பத்துப் பிரதி வாங்கி ஒர்க்‌ஷாப்பில் ஒட்டியிருக்கிறான். தாயி, எனக்கு அது பிடித்திருந்தது. உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? பொன்னாடை தோளில் விழுந்தபோது நான் அந்தப் பெண்ணை மறந்துபோயிருந்தேன்.

அன்று கிளம்பும்போதுதான் ஞாபகம் வந்து, "உமாவை எப்ப வரச் சொல்றீங்க?" என்று கேட்டேன். அந்த இடத்துக்கு ஆள் போட்டாயிற்று, இனி அது ஒப்பந்தக்காரர் பாடு என்றார்கள். சிரித்துக்கொண்டே சொன்னார்கள்.

பொன்னாடையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே அவள் வீட்டுக்குப் போனேன். ஹேடோ மேட்டில் ஒற்றை அறை. அவளும் அவள் அம்மா மருதாயியும் இருக்கிறார்கள். உமா ஒரு லாட்ஜில் அறை கூட்டுகிற வேலைக்குப் போய்வந்து அப்போதுதான் அடுப்புப் பற்றவைத்திருந்தாள். அவள் பி.காம். படித்தவள் என்று மருதாயி சொன்னாள். நான் நடந்ததையெல்லாம் சொன்னேன். வீடியோ எடுத்தது வரைக்கும் சொன்னேன். அவள் என் கையிலிருந்த பொன்னாடையைப் பார்த்தாள்.

"நானே தொடச்சிருந்தா எனக்கு என்ன போத்தியிருப்பாங்க ஐயா?" என்று கேட்டாள்.

குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பது போலக் கேட்டாள்.  மருதாயி கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அப்பா


சென்னை
30 நவம்பர் 2025

அப்பா,

கல்கத்தாவுக்கு என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். துருவுக்காக இல்லை, உங்கள் வீடியோவுக்காக. கருவிகளோடு அதையும் சேர்த்துக் காட்ட வேண்டுமாம். ஏற்பாடு எல்லாம் நம் மியூசியத்தின் பெயரில். செய்தி வந்தபோது நான் குதித்தேன். பக்கத்து வீட்டுக்கெல்லாம் கேக் வாங்கிக் கொடுத்தேன். அதற்கு அப்புறம்தான் உங்கள் கடிதத்தைப் பிரித்தேன். இரண்டு நாளாகப் பிரிக்காமல் வைத்திருந்தேன், திட்டியிருப்பீர்கள் என்று.

நீங்கள் திட்டியிருந்தால் தேவலை.

அன்று அனுப்பிய புகாரை எடுத்துப் படித்தேன். "படிப்பறிவில்லாத ஊழியர்களிடம் கலையை ஒப்படைப்பது" என்று ஒரு வரி எழுதியிருக்கிறேன். அந்தப் பெண் பி.காம். என்று படித்ததும் சுருக்கென்றது. அதைவிடக் கேவலம் என்ன தெரியுமா? அவள் படித்தவள் என்று தெரிந்த பிறகுதான் எனக்கு அதிகமாக உறைத்தது. படிக்காதவளாக இருந்திருந்தால் இன்னும் கொஞ்சம் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன் போலிருக்கிறது. நான் யாருடைய மகள் என்று மேடையில் பெருமையாகச் சொன்னேனோ, அவர் எட்டாம் வகுப்பு.

பெரிய நியாயம் எதுவும் செய்துவிடவில்லை, அப்பா. செய்ததைச் சொல்கிறேன். உமா மகேஸ்வரியைப் பழைய இடத்தில் பழைய வேலையில் வைத்தால்தான் கருவிகள் கல்கத்தாவுக்கு வரும், இல்லாவிட்டால் நான் வந்து சாக்கில் கட்டி எடுத்துக்கொண்டு போய்விடுவேன் என்று ரூபா மேடத்துக்கு எழுதினேன். ஒப்பந்தக்காரர் பாடு என்றவர்கள் இப்போது பேசிப் பார்க்கிறோம் என்கிறார்கள். அவர்களுக்கு உமா முக்கியமில்லை, கல்கத்தா முக்கியம். எனக்கும் கல்கத்தா முக்கியமாகத்தான் இருக்கிறது. வேண்டாம் என்று எழுத உட்கார்ந்தேன், எழுத முடியவில்லை. அதை உங்களிடம் ஒளிக்கவில்லை.

டிசம்பர் கப்பலில் வருகிறேன். அவள் வீட்டுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போங்கள். தனியாகப் போக என்னால் முடியாது.

கார்த்திகா


புரோத்ராபூர்
22.12.2025

கார்த்திகாத் தாயிக்கு,

நீ கப்பலேறியபோது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாய். அம்மா நீ சரியாகச் சாப்பிடவில்லை என்று என்னை வைகிறாள்.

அவள் வீட்டு வாசலில் நாம் நின்றபோது உட்காரச் சொல்லவில்லை என்று நீ வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தாய், நான் கவனித்தேன். உட்காரச் சொல்லியிருந்தால் நமக்குச் சௌகரியமாக இருந்திருக்கும், அவ்வளவுதான். நீ மன்னிப்புக் கேட்டாய். அவள் "சரிங்க மேடம்" என்றாள். கல்கத்தாவில் வைக்கும் அட்டையில் அவள் பெயரையும் போடுவதாக நீ சொன்னதற்கு, "என் பேரை எதுலயும் போடாதீங்க மேடம்" என்றாள். உனக்கு அது அடி விழுந்த மாதிரி இருந்திருக்கும். பெயர் போட்ட அட்டையைப் பார்த்து நான் அன்று பட்டது எனக்குத் தெரியும். அவள் எதற்காகச் சொன்னாள் என்று நாம் அர்த்தம் சொல்ல வேண்டாம், போடாமல் இருந்தால் போதும்.

போன வாரம் அவளை மறுபடி வேலையில் எடுத்துக்கொண்டார்கள். எடுத்தவர்கள் முகத்தில் ஒரு குற்ற உணர்ச்சியும் இல்லை என்று கேள்வி. வேலையைத் திரும்ப வாங்கிக் கொடுத்தேன் என்று நீயும் நானும் மார் தட்ட முடியாது. பிடுங்கியதும் நாம்தானே.

நேற்று மியூசியத்துக்குப் போனேன். கருவிகளைக் கல்கத்தாவுக்குப் பெட்டி கட்டுவதற்கு முன்பு ஒருமுறை பார்க்கலாம் என்று போனதாக அம்மாவிடம் சொன்னேன். உமாவைப் பார்க்கத்தான் போனேன். ஞாயிற்றுக்கிழமை, நல்ல கூட்டம். ஒரு பெங்காலிக் குடும்பம் பிள்ளைகுட்டிகளோடு வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதில் நான் தீபாவளிச் சட்டையில் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். அவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்து, அடையாளம் கண்டு, ஏதோ கிசுகிசுத்தார்கள். எனக்குக் கூச்சமாகவும் இருந்தது, கொஞ்சம் மிதப்பாகவும் இருந்தது. மேடைக்குப் பக்கத்தில் போய், கிடுக்கியின் வாயில் லேசாகப் பழுப்பு ஏறியிருக்கிறதா என்று பார்க்கக் குனிந்தேன். கை தானாகப் போயிருக்கிறது.

"ஐயா, தள்ளி நில்லுங்க. கை வைக்கக் கூடாது."

உமா. நாற்காலியை விட்டு எழுந்துகூட வரவில்லை, உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள். அத்தனை பேரும் கேட்டார்கள். அந்தக் குடும்பத்துப் பெரியவர், "அரே, இன்ஹி கா தோ ஹை" என்று எனக்காகப் பரிந்து பேசினார், இது இவருடையதுதானே என்று.  அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் கோபமில்லை, சிரிப்புமில்லை, வேலையில் இருக்கிறவள் முகம்.

 தள்ளி வந்து, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, மற்றவர்களோடு நின்று பார்த்தேன். கூட்டம் போன பிறகும் அப்படியே நின்றேன். அவள் மணியடித்து மூடும் நேரம் என்று சொன்னதும் வெளியே வந்தேன்.

அப்பா